பீர் லாரியா, பால் வண்டியா?

டிரைவர் வேலையில் எது கஷ்டம்? பீர் லாரிதான் என்று பலரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். கண்ணாடி பாட்டில் ஆச்சே! ஒரு பெட்டியில் 650 மில்லி பாட்டில்கள் 12. உள்ளே இருக்கும் பீர் மட்டுமே 7.8 லிட்டர், கண்ணாடியின் எடை தனி. தி.நகர் பள்ளம் ஒன்றில் வண்டி குலுங்கினால் போதும், பெட்டி நனைந்துவிடும்.

ஆனால் டாஸ்மாக் கடை திறப்பதே பகல் 12 மணிக்குத்தான். லாரி தாமதமானால் 'குடிமகன்' வேறு பிராண்டை வாங்கிக்கொண்டு போவார். (முணுமுணுப்பார், அவ்வளவுதான்.) ஆவின் வண்டிக்கு அந்தச் சலுகை இல்லை. சோழிங்கநல்லூர் பால்பண்ணையிலிருந்து இரவோடு இரவாகக் கிளம்பி, அடையாறிலும் மயிலாப்பூரிலும் காபிக்கு அடுப்பு பற்றவைக்கும் முன் பாக்கெட்டுகளை இறக்கியாக வேண்டும். தாமதித்தால் திட்டும் விழும், பாலும் திரியும்.

2020 ஊரடங்கை நினைத்துப் பாருங்கள். மார்ச்சில் மூடிய டாஸ்மாக் கடைகள் சென்னையில் ஆகஸ்ட் 18-ல்தான் திறந்தன. அத்தனை மாதமும் பால் வண்டி ஓடியது. பீர் லாரிக்காரருக்கு அது ஜாலியான ஓய்வு என்று நினைத்துவிட வேண்டாம். வாடகை வண்டி நின்றால் படியும் நின்றுபோகும். பெண் கேட்டுப் போகும் வீட்டில் "என்ன லோடு?" என்ற கேள்வி வேறு!

இருந்தாலும் காந்தி ஜெயந்திக்கு டாஸ்மாக் லீவு. பால் வண்டிக்கு தீபாவளி கிடையாது, பொங்கலும் கிடையாது. பொங்கலன்றுதான் பால் கூடுதலாக வேண்டும்! தூக்கம் கெட்ட கண்ணோடு ஓ.எம்.ஆரில் ஓட்டுபவருக்கு வாரத்தில் ஓர் இரவாவது கட்டாய விடுப்பு தர வேண்டும், மாற்று டிரைவரைப் போட்டு, சம்பளத்தில் கை வைக்காமல்.