பட்டியலில் யார் யார்?

ஜோஸ்யம் சொல்லுவதில் நமது தேசத்தாரை மிஞ்சக்கூடியவர்கள் உலகத்தில் இல்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். திருக்கோகர்ணம் கோயில் பக்கத்தில் கூண்டும் கிளியுமாக உட்கார்ந்திருக்கும் ஜோஸ்யரை நான் குறிப்பிடவில்லை. அவர் வயிற்றுப் பிழைப்புக்காகச் சொல்கிறார். நாமோ சம்பளமில்லாமலே சொல்கிறோம். எந்த மந்திரிக்குப் பதவி போகும், எந்தப் பையன் பரீக்ஷையில் தேறுவான், கிரிக்கெட் கோஷ்டியில் யாருக்கு இடம் கிடைக்கும் என்பதையெல்லாம் காலைக் காப்பி ஆறுவதற்குள் தீர்மானித்து விடுகிறோம். பலிக்காவிட்டால் நம்முடைய ஜோஸ்யம் தவறு என்று யாராவது ஒப்புக் கொள்கிறோமா? கிடையாது. தேர்ந்தெடுத்தவர்களுக்குப் புத்தியில்லை என்று சொல்லி முடித்து விடுகிறோம்.

விடுமுறைக்குப் புதுக்கோட்டை வந்திருக்கும் என் சகோதரியின் குமாரன் சென்ற வாரம் திண்ணையில் உட்கார்ந்து ஏதோ ஒரு ஜாபிதா எழுதிக் கொண்டிருந்தான். ஒரு பெயரை எழுதுவதும், அடிப்பதும், மறுபடியும் எழுதுவதுமாக இருந்தான்.

"என்னப்பா, கல்யாணத்துக்கு யார் யாரை அழைப்பது என்று பட்டியல் போடுகிறாயா? பெண் பார்த்தாகிவிட்டதா?" என்று கேட்டேன்.

"போங்கள் மாமா! ஆகாய ராஜா பந்தயத்துக்கு யார் யாரைப் பொறுக்கி எடுப்பார்கள் என்று கணக்குப் போடுகிறேன்" என்றான்.

விசாரித்ததில் விஷயம் சுவாரஸ்யமாகவே இருந்தது. சமுத்திரத்தில் ஒரு சிறு பலகையின் மேல் நின்றுகொண்டு, இடுப்பில் கட்டிய கயிறுகளின் மூலம் ஒரு பெரிய பட்டத்தைப் பிடித்துக் கொள்கிறார்கள். காற்று பட்டத்தை இழுக்கிறது; பட்டம் ஆளை இழுக்கிறது. அலையின் மேல் வேகமாக வந்து, பட்டத்தைத் தலைக்கு மேலே திருப்பினால் மனிதன் அப்படியே ஆகாயத்தில் எழும்பி விடுகிறான். கைதேர்ந்தவர்கள் 20 மீட்டருக்கு மேலே போய், அங்கே இரண்டு மூன்று குட்டிக்கரணமும் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறார்களாம். 'கைட் ஸர்ஃபிங்' என்று அதற்குப் பெயர். உயரே எழும்பும் வித்தைக்கென்று நடக்கும் பந்தயங்களில் புகழ் பெற்றது 'கிங் ஆஃப் தி ஏர்' என்பது. 2000-ம் வருஷத்தில் ஹவாய்த் தீவில் ஆரம்பித்து, சில வருஷங்கள் நடந்து நின்றுபோய், 2013 முதல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்துக் கடற்கரையில் நடந்து வந்திருக்கிறது. அதற்கு முகூர்த்த நாள் கூட முன்னதாக வைக்க முடியாது. சில நாட்களை ஒதுக்கி வைத்துவிட்டு, தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கும் நாளுக்காக எல்லோரும் காத்திருப்பார்களாம்.

"சரி, இதில் கலந்து கொள்ளுகிறவர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"முந்திய பந்தயத்தில் முன்னணியில் வந்தவர்களுக்கு இடம் உண்டு. மற்றவர்கள் தாங்கள் பறப்பதைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அதைப் பார்த்து நடத்துகிறவர்கள் பொறுக்கி எடுப்பார்கள். அந்த இடங்களுக்குத்தான் மாமா இவ்வளவு கணக்கு!"

அப்பொழுது உள்ளேயிருந்து என் மனைவி கேட்டாள்: "ஏண்டா கண்ணா, நம்ம கடற்கரைப் பையன் ஒருத்தன் பேராவது அந்த ஜாபிதாவிலே இருக்கோ?"

மருமான் பேனாவை மூடிவிட்டான். இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான பதில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வி என்னை விடவேயில்லை. நமது புதுக்கோட்டை ஜில்லாவுக்கும் சமுத்திரம் உண்டு. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜகதாப்பட்டினம் என்று பாக் ஜலசந்தியை ஒட்டி ஊர்கள் இருக்கின்றன. வாடை எது, கொண்டல் எது, கச்சான் எது, சோழகம் எது என்று அங்கே பிறந்த குழந்தைக்குக் கூடத் தெரியும். காற்றைப் படிப்பதுதான் இந்த வித்தையில் பாதி. ஆனால் மற்றப் பாதி கடையில் விற்கிறது! பட்டம், பலகை, கயிறு, கச்சை எல்லாம் புதிதாக வாங்கினால் ஒரு லக்ஷம் ரூபாய்க்கும் மேலே ஆகிவிடும். ராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் இந்தச் சவாரியைக் கற்றுக் கொடுக்கிறார்கள். வெளிநாட்டார் கூட வந்து கற்றுக் கொள்கிறார்கள். ஆனாலும் கற்றுக் கொள்ளக் கூலி கொடுக்க வேண்டும். பறப்பதைப் படம் பிடிக்க ஆள் வேண்டும். கேப் டவுன் போக வர விமானச் செலவு வேண்டும். ஆகவே, தேர்வாளர்கள் படத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே ஒரு தேர்வு நடந்து முடிந்துவிடுகிறது. அந்தத் தேர்வை நடத்துவது பணப்பை.

இதற்கு மாற்று உண்டா? உண்டு. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் முதன் முதலாகப் பட்டச் சவாரியைச் சேர்த்தார்கள். மார்ஸேய் துறைமுகத்தில் அது நடந்தது. அங்கே உயரே எழும்புவது கணக்கில்லை. யார் முந்துகிறார்கள் என்பதே கணக்கு. போட்டிக்குள் நுழையும் இடங்களையும் முன்னதாக நடந்த பந்தயங்களே நிர்ணயித்தன. நமக்குப் பக்கத்திலிருக்கும் சிங்கப்பூரைச் சேர்ந்த மாக்ஸ் மேடர் என்ற 17 வயதுப் பிள்ளை அதில் வெண்கலப் பதக்கம் பெற்றான். கடல் சூழ்ந்த சின்னஞ்சிறு ஊர் ஒன்று மனது வைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு அது அத்தாட்சி.

ஓட்டத்தில் முந்தியவனுக்கு இடம் என்று விதி செய்துவிட்டால் வழக்கு இல்லாமல் போய்விடும் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2021-ம் வருஷத்து விஷயத்தை ஞாபகப்படுத்திக் கொண்டதும் என் நிச்சயம் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது.

ஆண்கள் இருவரும் பெண்கள் இருவரும் சேர்ந்து ஓடும் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில், டோக்கியோ ஒலிம்பிக்குக்கு இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. அந்த இடத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது 2019-ல் தோஹா உலகப் போட்டியில் இறுதிச் சுற்று வரை போன கோஷ்டி. அதில் ஓடிய பெண்கள் கேரளத்து விஸ்மயாவும் ஜிஸ்னா மாத்யூவும். ஆனால் 2021 ஜூலையில் பாட்டியாலாவில் வைத்த தேர்வோட்டத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள் மூவர் முன்னுக்கு வந்து விட்டார்கள். மதுரை ரேவதி 53.55 விநாடி, திருச்சி சுபா 54.26, திருச்சி தனலக்ஷ்மி 54.27. ரேவதியும் சுபாவும் டோக்கியோவில் ஓடினார்கள். தனலக்ஷ்மி கோஷ்டியுடன் போனார், ஓடவில்லை. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே இருந்தது ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு! இடத்தைச் சம்பாதித்த இருவரும் ஊரில் இருந்தார்கள்.

இது நியாயமா? நியாயந்தான் என்பேன். தாயும் தந்தையும் இல்லாமல், கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பட்டு, காலில் ஜோடு இல்லாமல் ஓடிப் பழகியவர் ரேவதி. அவரைத் தேர்ந்தெடுத்தது கமிட்டி அங்கத்தினர்களின் தயவு அல்ல, கடிகாரம். ஆனால், தேர்வோட்டத்தன்று விஸ்மயாவுக்கும் ஜிஸ்னாவுக்கும் நெஞ்சு எப்படி இருந்திருக்கும் என்பதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. நியாயமான விதியும் யாரையாவது அழவைத்தே தீரும். வித்தியாசம் என்னவென்றால், தோற்றவர் தாம் ஏன் தோற்றோம் என்பதை அறிந்து கொண்டு அழலாம்.

அதுகூட இல்லாத சந்தர்ப்பமும் உண்டு. 2017-ல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் 1500 மீட்டரில் தங்கப் பதக்கம் வாங்கிய பாலக்காட்டு சித்ராவின் பெயர், அடுத்த மாதம் லண்டனில் நடந்த உலகப் போட்டிக்கான பட்டியலில் காணப்படவில்லை. கேரள ஹைகோர்ட் அவரைச் சேர்க்கும்படி உத்தரவிட்டது. ஆயினும் காலம் கடந்துவிட்டது, அவர் போகவில்லை. இம்மாதிரி இடத்தில் எந்த ஜோஸ்யர் சரியாகச் சொல்லியிருக்க முடியும்?

இவ்வளவும் சொல்லிவிட்டு நமது ஜில்லாவின் பெயரை உலகமறியச் செய்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமலிருப்பது பாவம். கத்தக்குறிச்சி கிராமத்தில், செங்கல் சூளையில் பாடுபட்ட பெற்றோருக்குப் பிறந்த சாந்தி, 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். நேரம் 2 நிமிஷம் 3.16 விநாடி. அவரை யாரும் தயவு பண்ணித் தேர்ந்தெடுக்கவில்லை. முந்திய வருஷமே ஆசியப் போட்டியில் அதே ஓட்டத்தில் வெள்ளி வாங்கியவர். தேர்வு, பந்தயம், வெற்றி எல்லாம் முடிந்த பிறகு, உடற் பரிசோதனை ஒன்றைக் காரணமாகச் சொல்லிப் பதக்கத்தைப் பறித்துக் கொண்டார்கள். அவருடைய தேகத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசிற்று. ஓட்டத்தில் அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. பெற்றோர் பாடுபட்ட அதே சூளை வேலைக்குப் பிற்பாடு அவரும் போக நேர்ந்தது. அப்புறம் முறையாகப் பயிற்சி பெற்று, 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளரானார். தன்னைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்ட உலகத்துக்கு, பட்டியலில் ஏறக்கூடிய பிள்ளைகளைத் தயார் செய்து கொடுக்க முன்வந்தார் என்றால், அந்தப் பெண்ணின் மனசை என்னவென்று சொல்வது?

மருமானிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்படியானால் ஜோஸ்யமே சொல்லக்கூடாதா மாமா?" என்று பரிதாபமாகக் கேட்டான்.

தாராளமாகச் சொல்லலாம். அது வீட்டுக்குள் நடக்கும் நிரபராதமான விளையாட்டு. ஆனால் நேயர்களே, அடுத்த தடவை ஏதாவதொரு பட்டியல் பத்திரிகையில் வெளியாகும்போது, "என் ஆள் இருக்கிறானா?" என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். தேர்வு விதியும் தேதியும் எல்லோருக்கும் முன்கூட்டித் தெரிந்திருந்தனவா என்பது ஒன்று. தேர்வு நடந்த மைதானத்துக்கு வந்து சேரவே முடியாமல் போனவர்கள் யார் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குச் சரியான பதில் இருந்தால் ஜோஸ்யருக்கு வேலை குறையும். இரண்டாவதற்கு நல்ல பதில் கிடைக்கும்படி செய்வதோ நம்மைப் போன்ற வீட்டுக்காரர்களாலும் ஓரளவு முடியும். ஒரு ஜோடு வாங்கிக் கொடுக்கலாம், பஸ் சத்தம் கொடுக்கலாம், "பெண் குழந்தைக்கு ஓட்டம் எதற்கு?" என்று கேட்கும் பாட்டியைச் சமாதானப்படுத்தலாம்.

மறுநாள் விடியற்காலையில் மருமானை அழைத்துக்கொண்டு விளையாட்டு மைதானத்துக்குப் போனேன். பத்துப் பதினைந்து பெண்கள் ஓடிக் கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் வெறுங்காலுடன் ஓடினார்கள். அதில் ஒருத்தி எல்லோருக்கும் முன்னால் ஓடினாள்.

"மாமா, இந்தப் பெண் பெயர் என்னவென்று விசாரிக்கலாமா?" என்று கேட்டான் மருமான். சட்டைப் பையிலிருந்து ஜாபிதாவையும் பேனாவையும் எடுத்தாகிவிட்டது.

"பெயரை அப்புறம் கேட்கலாம். முதலில் கால் அளவைக் கேள்" என்றேன்.