இரண்டு சாவிகள்

மாலை ஏழு மணி ஆனால் போதும், எங்கள் வீட்டில் ரகளை ஆரம்பமாகிவிடும். "அம்மா, கிளாஸ் பாதியில் நின்னு போச்சு!" என்று உள்ளேயிருந்து பெண் கத்துவாள். "கரண்ட் பில் கட்டலாம்னு உட்கார்ந்தா, சக்கரம் மாதிரி சுத்திக்கிட்டே இருக்கு!" என்று ஊஞ்சலில் இருந்தபடி இவர் முணுமுணுப்பார். டெலிவிஷனில் அழுவதற்காக வாயைத் திறந்த கதாநாயகி, திறந்த வாயுடன் அப்படியே நிற்பாள்.

மாதம் தவறாமல் பணம் கட்டுகிறோம்; வேகம் மட்டும் எங்கே போகிறதென்று தெரியவில்லை. வீட்டுக்கு வாங்கும் பால் அளவில் குறைந்தால் உடனே கேட்கிறோம். இதை யாரிடம் கேட்பது?

சென்ற மாதம் கோயமுத்தூரிலிருந்து என் அக்காள் மகன் வந்திருந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். காப்பித் தம்ளரைக் கீழே வைக்குமுன் கேட்டான்:

"சித்தி, நம்ம வீட்டில் வைஃபையில் எத்தனை சாமான் ஓடுது?"

விரல் விட்டு எண்ணினேன். போன் மூன்று, பெண்ணின் லாப்டாப் ஒன்று, டெலிவிஷன் ஒன்று. "ஐந்து" என்றேன்.

அவன் தன் போனை என் முன்னால் நீட்டினான். அதில் ஒரு ஜாபிதா. அவன் போன் நீங்கலாகப் பதினொன்று இருந்தது!

"அதெப்படிடா? பாஸ்வேர்ட் போட்டிருக்கே!"

"என்ன பாஸ்வேர்ட்?"

"சித்தப்பா போன் நம்பர்."

அவன் சிரித்த சிரிப்பில் எனக்கு வெட்கமாகிவிட்டது. இணைப்புக் கொடுக்க வந்த பையன், "மறக்காம இருக்கும் மேடம்" என்று சொல்லி அப்படி வைத்துவிட்டுப் போனான். மறக்காமல்தான் இருந்தது, எல்லோருக்கும்! பால்காரர், பேப்பர்காரர், காஸ் கொண்டு வருகிறவர் என்று அந்த நம்பர் தெரியாதவர்கள் யார்? வாட்ச்மேன் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் அதுதானே இருக்கிறது!

"இது வாசல் சாவி, சித்தி. இன்னொரு சாவி இருக்கு, பாருங்க" என்றான். ரௌட்டர் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் ஒரு விலாசம் இருந்தது. பல பெட்டிகளில் அது 192.168.1.1 என்றிருக்கும். அதைப் போனில் அடித்ததும் பெட்டியின் உள்பக்கம் திறந்தது. பெயர் கேட்டது; 'அட்மின்' என்று போட்டான். பாஸ்வேர்ட் கேட்டது, அதற்கும் 'அட்மின்' என்றே போட்டான். திறந்துகொண்டது!

"வாசலுக்காவது ஏதோ ஒரு பூட்டு இருக்கு. பீரோ சாவி பீரோவிலேயே தொங்குதே, சித்தி!"

இந்த இரண்டு சாவிகளைப் பற்றிச் சொல்லத்தான், சகோதரிகளே, இந்த வாரம் பேனாவை எடுத்தேன். ஒன்று வைஃபைக்குள் நுழையும் சாவி. மற்றது பெட்டியையே ஆளும் சாவி. முதலாவதைத்தான் நம்மில் பலருக்குத் தெரியும். இரண்டாவது ஒன்று இருப்பதே தெரியாது.

"யாரோ நாலு பேர் உபயோகித்தால் உபயோகித்துவிட்டுப் போகட்டுமே, தண்ணீர்ப் பந்தல் மாதிரி!" என்று தோன்றலாம். எனக்கும் தோன்றிற்று. ஆனால் தண்ணீர்ப் பந்தலில் குடித்தவன் செய்கிற காரியம் பந்தல்காரர் தலையில் விழுவதில்லை. இங்கே விழும். 2008 ஜூலை 26-ல் ஆமதாபாத்தில் வரிசையாகக் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சில நிமிஷங்களுக்கு முன் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் ஈ-மெயில் வந்தது. போலீஸார் அதன் அடிச்சுவட்டைப் பிடித்துப் போனது நவி மும்பையில் ஒரு வீட்டுக்கு! அங்கே குடியிருந்த அமெரிக்கர் அதை எழுதவில்லை. பூட்டாமல் கிடந்த அவருடைய வைஃபையை வேறு யாரோ உபயோகித்துக்கொண்டார்கள். ஆனாலும் விசாரணையும் அவஸ்தையும் அந்தக் குடும்பத்துக்குத்தானே! நம் இணைப்பின் வழியாகப் போவதெல்லாம் நம் பெயரில் போகிறது.

இரண்டாவது சாவி கைமாறினால் ஆபத்து இன்னும் பெரிது. நாம் வங்கியின் பெயரை அடிக்கும்போது, அந்த வங்கி இணையத்தில் எங்கே இருக்கிறதென்று காட்ட ஒரு விலாசப் புத்தகம் இருக்கிறது. எந்தப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்வது நம் ரௌட்டர்தான். அதை ஒருவன் மாற்றி வைத்தால், நாம் வங்கி என்று நினைத்துப் போலி வாசலில் போய் நிற்போம். 2011-ல் பிரேஸில் நாட்டில் தொடங்கிய ஒரு மோசடியில், பெட்டிக்குள் இருந்த மென்பொருளின் ஓட்டை வழியாக நுழைந்து, சுமார் 45 லட்சம் பெட்டிகளில் இப்படி மாற்றிவிட்டார்கள்.

பயப்படுத்துவது என் நோக்கமல்ல. தோசைக்கு அரைக்கும் நேரத்தில் செய்து முடிக்கக்கூடிய காரியம் இது. என் அக்காள் மகன் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் இடம். எங்கள் பெட்டி டெலிவிஷனுக்குப் பின்னால், இரும்பு பீரோவை ஒட்டிக் கிடந்தது. வீட்டின் நடுவில், தலை உயரத்தில், திறந்த அலமாரியில் வைக்க வேண்டும். இரும்பும் கெட்டிச் சுவரும் அலையைத் தடுக்கும். மைக்ரோவேவ் அடுப்பின் அருகே வைக்கவே கூடாது. அடுப்பும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலையில் மோதிக்கொள்ளும். பெட்டியில் 5 என்று இன்னொரு அலை இருந்தால், அருகிலிருக்கும் டெலிவிஷனுக்கும் லாப்டாப்புக்கும் அதைக் கொடுங்கள். அது வேகம் மிகுந்தது. ஆனால் சுவரைத் தாண்ட மூச்சு வாங்கும்.

அடுத்து, பெட்டியை ஆளும் பாஸ்வேர்ட். முதல் வேலையாக அதை மாற்றுங்கள். 2016-ல் 'மிராய்' என்ற விஷமப் புரோகிராம், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட காமிராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அதற்குத் தேவைப்பட்டது அறுபது சொச்சம் சாதாரணப் பாஸ்வேர்டுகள் மட்டுமே!

பிறகு வைஃபை பாஸ்வேர்ட். போன் நம்பர், குழந்தையின் பெயர், பிறந்த தேதி எதுவும் வேண்டாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு சொற்களைச் சேருங்கள். ஊறுகாய், தாழ்ப்பாள், ரயில், பல்லாங்குழி என்பது போல. நீளமாயிருக்கும், ஆனால் மறக்காது. இதையே வைத்துவிடாதீர்கள், பத்திரிகையில் அச்சாகிவிட்டது! வைஃபையின் பெயரிலும் வீட்டு நம்பரையோ உங்கள் பெயரையோ போடாதீர்கள்.

பூட்டின் ரகமும் முக்கியம். அங்கே டபிள்யூ.ஈ.பி. என்று இருந்தால் உடனே மாற்றுங்கள். 1997-ல் வந்த அந்தப் பூட்டை 2001-லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் உத்தமம். அது 2018-ல் வந்தது. பழைய சாமான்கள் அதோடு ஒத்துப்போகாவிட்டால் டபிள்யூ.பி.ஏ.2 போதும்.

டபிள்யூ.பி.எஸ். என்ற குறுக்கு வழி இருந்தால் மூடிவிடுங்கள். அதன் எட்டு இலக்க நம்பரைக் கண்டுபிடிக்கப் பத்துக் கோடித் தடவை முயல வேண்டும் போலத் தோன்றும். ஆனால் பெட்டி அதை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 தடவை முயன்றாலே போதும் என்று 2011-ல் தெரிந்துவிட்டது. 'ரிமோட் மானேஜ்மெண்ட்' என்ற வசதியும் தேவையில்லையென்றால் மூடப்பட்டிருக்கட்டும். 'அப்டேட்' இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். பிரேஸிலில் நடந்தது போன்ற ஓட்டைகளை அதுதான் அடைக்கும்.

பாஸ்வேர்டுகளை எங்கே எழுதி வைப்பது? நான் மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன். பெட்டியின் மேலேயே சீட்டு ஒட்டாமலிருந்தால் சரி. ஒன்று மறவாதீர்கள்: பாஸ்வேர்டை மாற்றியதும் வீட்டிலுள்ள சாமான் ஒவ்வொன்றுக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டும். அன்று எங்கள் டெலிவிஷன் அரை மணி நேரம் கோபித்துக்கொண்டது!

எல்லாம் ஆயிற்று. மறுநாள் மாலை வாசல் மணி அடித்தது. கீழே இஸ்திரி போடுகிறவரின் மகள் நின்றாள். பிளஸ் டூ படிக்கிறவள். கையிலிருந்த போனைப் புடைவைக் கட்டுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அம்மா... நெட் வரலை. நான்தான் கேட்காம எடுத்துக்கிட்டேன். கெமிஸ்ட்ரி பாடம் பார்க்கத்தான். தப்புத்தான்."

எனக்குத் தொண்டை அடைத்தது. பதினொன்றில் ஒன்று இந்தக் குழந்தையா! திருடன் வருவான் என்று பூட்டினேன். வந்து நின்றதோ படிப்பு.

அக்காள் மகனுக்குப் போன் செய்தேன். "கவலைப்படாதீங்க சித்தி, 'கெஸ்ட் நெட்வொர்க்'னு ஒண்ணு இருக்கும். விருந்தாளித் திண்ணை மாதிரி. அதுக்குத் தனிப் பாஸ்வேர்ட். அதில் வர்றவங்க உங்க லாப்டாப் இருக்கிற பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. ஆனா அதுவும் உங்க பெயரில்தான் போகும். அதனால் தெரிஞ்ச பிள்ளைக்கு மட்டும் கொடுங்க" என்றான்.

அவன் சொல்லச் சொல்ல நானே திறந்துவிட்டேன். என் கையால்! அவள் போனில் பாடம் ஓட ஆரம்பித்ததும் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "பரீட்சை முடியறவரைக்கும் தாராளமா படி. இனிமே கேட்டு வாங்கிக்கோ" என்றேன்.

இப்போது எங்கள் ஜாபிதாவில் ஆறு இருக்கிறது. ஆறும் யாரென்று எனக்குத் தெரியும். மற்ற ஐந்து யார் என்று நான் விசாரிக்கவில்லை. அவர்களும் வந்து கேட்கவில்லை.

இன்றிரவு சமையலறை விளக்கை அணைக்கும்முன் உங்கள் வீட்டு ஜாபிதாவையும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். கணக்கு இடித்தால், நாளைக் காலை முதல் வேலை எதுவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.