வெயிலில் வாடிய டேஷ்கேம்: வீட்டிலேயே சரிசெய்யலாமா?

கத்திரி வெயிலில் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைக்கூடத் தொடலாம். அதற்கு மேலே முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் டேஷ்கேமின் பாடு திண்டாட்டம்தான்.

கேமரா மக்கர் செய்கிறதா? முதலில் பக்கவாட்டில் பாருங்கள். மூடி விரிந்து உப்பியிருந்தால், உள்ளே லித்தியம் பேட்டரி வீங்கிவிட்டது என்று அர்த்தம். சார்ஜ் போடாதீர்கள். அமுக்குவதோ, கத்தியால் நெம்புவதோ கூடவே கூடாது, தீப்பிடிக்கும். காரிலும் வைக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

உப்பல் இல்லையென்றால் தைரியமாக இறங்கலாம். நிழலில் ஆறவிட்டு ஆன் செய்யுங்கள். பதிவு விட்டு விட்டு வந்தால் மெமரி கார்டை மாற்றிப் பாருங்கள். 'ஹை என்டியூரன்ஸ்' என்று போட்டிருப்பதாகக் கேட்டு வாங்குங்கள். பசை இளகிக் கேமரா விழுந்தால், கண்ணாடியை நன்றாகத் துடைத்து, வெப்பம் தாங்கும் இருபக்க டேப்பை ஒட்டுங்கள். ஒருநாள் விட்டுக் கேமராவை மாட்டுங்கள்.

புதிதாக வாங்குபவர்கள், பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டர் உள்ள மாடலைக் கேளுங்கள். அது வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும்.

எந்தக் கேமராவானாலும் மாதம் ஒருமுறை பதிவைப் போட்டுப் பாருங்கள். விபத்து நடந்த பிறகு தேடினால், சாட்சி சொல்ல ஒன்றும் இருக்காது!