கைராசி இல்லையா, காலநிலையா?

படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். வெள்ளை வெளேரென்று, சின்னச் சின்ன மணிகளைப் போலப் பூக்கும் செடி. பெயர் காம்பனுலா. லத்தீன் மொழியில் 'சிறு மணி' என்று பொருள். இதில் பல வகைகள் ஒருமுறை நட்டால் ஆண்டுதோறும் பூக்கும்.

ஆனால் எங்கே? குளிர் நாடுகளில். பனிக்காலத்தில் அடங்கிக் கிடந்து, மிதமான கோடையில் பூப்பது அதன் இயல்பு. வெயில் 40 டிகிரியைத் தொடும் பெரிய காஞ்சிபுரத்தில் விதைத்தால் சித்திரை தாண்டுவதே கடினம். செடி கருகியதும் வளர்த்தவர், "எனக்குக் கைராசி இல்லை" என்று தோட்டத்தையே விட்டுவிடுகிறார். அடுத்து அந்த மண்ணிலும் சிமெண்ட் தளம்தான். நஷ்டம் ஒரு விதைப் பொட்டலத்தோடு நிற்பதில்லை.

வெள்ளைப் பூதான் வேண்டுமா? நந்தியாவட்டை இருக்கிறது. குச்சியை நட்டாலே வேர் பிடிக்கும், ஆண்டு முழுக்கப் பூக்கும், சிவபூசைக்கும் உகந்தது. ஏகாம்பரநாதர் குடியிருக்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பூ எது?

கொடி வேண்டுமென்றால் வெள்ளைச் சங்குப்பூ. விதையை ஓரிரவு ஊறவைத்து வேலியோரம் ஊன்றினால் போதும். பயறு குடும்பத்துச் செடி என்பதால் வேர் முடிச்சுகள் மண்ணுக்கு நைட்ரஜன் உரமும் சேர்க்கும்.

இரண்டும் மணி வடிவம் இல்லைதான். ஆனால் நெசவாளர் வீட்டுச் சின்னக் கொல்லையிலும் பல ஆண்டுகள் நிற்கும். ஊருக்கேற்ற செடியைத் தேர்ந்தால் கைராசி தானாக வரும்.