அருகில் என்றால் எவ்வளவு தூரம்?

ஓர் அரசாங்கத்தின் உள்ளத்தை அறிய அதன் மேடை முழக்கங்களைக் கேட்க வேண்டியதில்லை. அதன் வரவு செலவுத் திட்டத்தைப் படித்தால் போதும். யாருக்கு முதலில் கொடுக்கிறது, யாருக்கு மிச்சத்தைக் கொடுக்கிறது, யாரை மறந்தே விடுகிறது என்பதெல்லாம் அங்கே எண்களாக எழுதப்பட்டிருக்கும். அந்த எண்களை ஊனமுற்ற குழந்தைகளின் சார்பில் படித்துப் பார்க்கும் கடமை நமக்கு இருக்கிறது. அவர்கள் வாக்குரிமை அற்றவர்கள். ஊர்வலம் போக இயலாதவர்கள். அவர்களுள் பலர் தமக்கு வேண்டியதை வாய் திறந்து கேட்கவும் மாட்டாதவர்கள்.

2024-25ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு போட்ட வரவு செலவுத் திட்டத்தின் மொத்தச் செலவு ஏறத்தாழ 48 லட்சம் கோடி ரூபாய். அதில் மாற்றுத்திறனாளிகளுக்கென அமைந்த துறைக்கு ஒதுக்கியது சுமார் 1,225 கோடி. நாலாயிரம் ரூபாய் செலவழிக்கும் ஒரு குடும்பத் தலைவர், வீட்டில் நடக்க முடியாத பிள்ளைக்கு என்று அதில் ஒரே ஒரு ரூபாயை எடுத்து வைத்தது போன்றது இது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம் பேர். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 460 ரூபாய்க்கும் குறைவு. மற்றத் துறைகள் வழியாகவும் இவர்களுக்குச் சிறிது செலவாகிறது என்பது உண்மையே. ஆனால் இவர்களுக்காகவே உண்டான துறையின் நிலை இதுதான். 2018இல் குஜராத்தில் 182 மீட்டர் உயரச் சிலை ஒன்று எழுப்ப ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் செலவாயிற்று. தலைவர்களுக்குச் சிலை வைக்கலாமா, கூடாதா என்று நாம் இங்கே வாதிடவில்லை. இரண்டு எண்களையும் அருகருகே வைக்கிறோம், அவ்வளவே.

சட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களையே கணக்கில் கொண்டது. 2016இல் இயற்றப்பெற்று 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை இருபத்தொன்றாக விரித்தது. அதன் 25ஆவது பிரிவு, குறிப்பிட்ட வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு, சிறப்பாகக் கிராமப்புறங்களில், வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே இலவச மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று அரசுகளுக்குக் கடமை விதிக்கிறது. 'அருகிலேயே' என்பதே இதில் உயிரான சொல். அருகில் என்றால் எவ்வளவு தூரம்?

நெய்க்காரப்பட்டியிலிருந்து இதை அளந்து பார்க்கலாம். பழனிக்கு மேற்கே, கரும்பும் வெல்ல மண்டியுமாக வாழ்கின்ற ஊர் இது. மாவட்டத்தின் தலைநகரான திண்டுக்கல் அறுபது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அங்கே 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள்; மகிழ்ச்சியே. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டமும், பிறவிக் குறைகளை முன்கூட்டியே கண்டறிந்து சிகிச்சை தர மாவட்டத்துக்கு ஒரு மையம் என்றே வகுத்தது. ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்பது மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருப்பவருக்கு என்ன பொருள் தரும்? மூளை முடக்குவாதம் கண்ட பத்து வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமந்து, பழனியில் இறங்கி, வேறு பேருந்து ஏறி, பயிற்சி முடித்து, அந்தி சாயும் வேளையில் ஒரு தாய் வீடு திரும்புவாள் என்று பொருள். அன்றைய கரும்பு வெட்டுக் கூலி போயிற்று என்றும் பொருள்.

ஒரு நாள் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடலாம். மூளை முடக்குவாதத்திற்கு ஒருநாள் மருந்து கிடையாது. வாரத்தில் இரண்டு மூன்று நாளேனும், ஆண்டுக்கணக்கில், இயன்முறைப் பயிற்சி வேண்டும். பயிற்சி நின்றால் தசை இறுகும். இறுகிய தசை மூட்டை மடக்கும். இடுப்பு மூட்டு நழுவும். உட்காரப் பழகியிருக்க வேண்டிய பிள்ளை படுத்த படுக்கையாகும். பிறகு அறுவைச் சிகிச்சை ஒன்றே வழி என்பார்கள். செவித்திறன் குறைந்த குழந்தையின் நிலையும் இதுவே. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் செவிக்குள் கருவி பொருத்தும் விலையுயர்ந்த அறுவையை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்று நடத்துகிறது. பாராட்டத் தக்கது. ஆனால் கருவியைப் பொருத்திய மறுநாளே பிள்ளை பேசிவிடாது. ஒலியைச் சொல்லாக அறியப் பல மாதப் பயிற்சி வேண்டும். அது வீட்டுக்கு அருகில் தொடர்ந்து கிடைக்காவிட்டால், லட்சங்கள் செலவிட்ட கருவி பெட்டிக்குள் உறங்கும்.

நம் குற்றச்சாட்டு இதுதான்: ஆட்சியாளர்கள் ஒரே நாளில் முடிகிற செலவை விரும்புகிறார்கள், நாள்தோறும் செய்ய வேண்டிய செலவுக்கு அஞ்சுகிறார்கள். கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு. மூன்று சக்கர வண்டி வழங்கப் பந்தலும் மாலையும் உண்டு. செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு பிள்ளையின் முழங்காலை நீட்டி மடக்கும் பயிற்சியாளருக்கு விழா ஏது? 'ஊனமுற்றோர்' என்ற பெயரை 'மாற்றுத்திறனாளிகள்' என்று மாற்றினார்கள். பெயரில் வந்த மரியாதை செலவுக் கணக்கில் வரவில்லை. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது சக்கர நாற்காலிக்கும் 5 சதவிகிதம் வரி போட்டார்கள். காலுள்ளவன் நடப்பதற்கு வரி இல்லை; கால் வழங்காதவன் உருண்டு செல்வதற்கு வரி!

வட்டாரந்தோறும் பள்ளிக் கல்வித் துறையின் வள மையங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. அங்குள்ள சிறப்பாசிரியர்களும் இயன்முறைப் பயிற்சியாளர்களும் நிரந்தரப் பணி இன்றித் தொகுப்பூதியத்தில் உழைத்து வந்தவர்கள். அந்த ஊதியம் வரும் 'சமக்ர சிக்ஷா' திட்டத்திற்கென 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழகத்திற்கு உரிய சுமார் 2,152 கோடி ரூபாயை, கல்விக் கொள்கை பற்றிய பிணக்கில் மத்திய அரசு அந்த நிதியாண்டு முடியும்வரை விடுவிக்கவில்லை. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றப் படியேறியது. மொழிக் கொள்கையில் யார் கட்சி சரி என்பதை அறிஞர்கள் வாதிடட்டும். இரு யானைகள் மோதும்போது காலடியில் நசுங்கியது எந்தப் புல் என்பதையே நாம் கேட்கிறோம்.

எல்லாப் பழியையும் டில்லியின் தலையில் கட்டிவிடவும் நாம் ஒப்பமாட்டோம். தமிழக அரசு தன் பராமரிப்பு உதவித் தொகையைக் குழந்தைகளுக்கும் தருகிறது. 2023இல் அது மாதம் 2,000 ரூபாய். உலக வங்கிக் கடனுதவியுடன் சுமார் 1,700 கோடி ரூபாயில் 'உரிமைகள்' திட்டத்தை வகுத்து, 'விழுதுகள்' என்ற பெயரில் சேவை மையங்களையும் அமைக்கத் தொடங்கியது. நல்ல செயலை நல்லதென்று சொல்லத்தான் வேண்டும். ஆயினும் கடனில் வந்த திட்டம் கடன் காலத்தோடு முடிந்து போகலாகாது. ஆசிரியர் சம்பளத்தைக் கடன் வந்தால்தான் தருவோம் என்று எந்த அரசும் சொல்வதில்லை. இந்தக் குழந்தைகளின் சிகிச்சை மட்டும் ஏன் திட்டத்திற்குத் திட்டம் தவணை கேட்டு நிற்க வேண்டும்?

'பயன் தராத செலவு' என்று முணுமுணுப்போர் சிலர் உண்டு. உழைத்து வரி கட்டப்போகிறவனுக்கே செலவிட வேண்டும் என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்திற்கு நம் மார்க்கம் மறுமொழி கூறிப் பதினான்கு நூற்றாண்டுகள் ஆகின்றன. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களிடம் சத்தியத்தை எடுத்துரைத்துக்கொண்டிருந்த வேளையில், பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் அறிவுரை நாடி வந்தார்கள். தலைவர்கள் திருந்தினால் ஊரே திருந்துமே என்ற நல்லெண்ணத்தில் இருந்த பெருமானார் முகம் சுளித்தார்கள். பார்வையற்றவர் கண்டிருக்க முடியாத அந்தச் சுளிப்பையும் இறைவன் பொருட்படுத்தினான். 'அபஸ' என்னும் எண்பதாம் அத்தியாயம் இறங்கிற்று. செல்வாக்குள்ளவருக்கு முன்னிடமும் செல்வாக்கற்றவருக்குப் பின்னிடமும் என்ற வரிசையையே அது புரட்டிப் போட்டது. அத்தோழர் பின்னாளில் பாங்கு சொல்பவராகவும், பெருமானார் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பாளராகவும் விளங்கினார்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் பைத்துல் மாலிலிருந்து குழந்தைகளுக்கு வழங்கிய உதவித் தொகை, முதலில் பால்குடி மறந்த பிள்ளைகளுக்கே உரியதாக இருந்தது. ஓர் இரவில் விடாது அழுத குழந்தையின் தாயை விசாரித்தபோது, உதவி கிடைக்கட்டும் என்று காலத்துக்கு முன்பே பால் மறக்கடிக்கிறாள் என்று தெரிந்தது. கலீஃபா கலங்கினார்கள், பிறந்த நாள் முதலே உதவி என்று ஆணையை மாற்றினார்கள். வரலாற்று நூல்கள் கூறும் செய்தி இது. மத்திய அரசின் இந்திரா காந்தி பெயரிலான ஊனமுற்றோர் ஓய்வூதியமோ பதினெட்டு வயதிலிருந்துதான் என்று வகுக்கப்பட்டது. ஊனமும் 80 சதவிகிதம் இருக்க வேண்டும். மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். பதினெட்டு வயது வரை அந்தப் பிள்ளை ஊனமின்றியா இருந்தது? ஓர் அழுகுரல் கேட்டு ஓர் ஆட்சியாளர் ஒரே இரவில் சட்டம் மாற்றினார். இங்கே எத்தனை குரல்கள் வேண்டும்?

'இது அல்லாஹ்வின் சோதனை. பொறுமை காக்க வேண்டும்' என்பார் நம்மவருள் உண்டு. சோதனை பெற்றோருக்கு மட்டுமா? அண்டை வீட்டாருக்கும், மஹல்லாவுக்கும், ஆள்வோருக்கும் அதுவே சோதனை. உமையா கலீஃபா வலீத் (கி.பி. 705-715) பார்வையற்றோருக்கு வழிகாட்டியையும், நடக்க இயலாதோருக்குப் பணியாளரையும் அரசுச் செலவில் அமர்த்தினார் என்று வரலாறு கூறுகிறது. அவர் பொறுமையை உபதேசித்து அனுப்பிவிடவில்லை.

அரசு கைவிட்ட இடத்தில் என்ன நேரும் என்பதை நம் சமுதாயம் கண்ணீரோடு கற்றிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டுண்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் மாண்டனர். தர்காவை நாடி அவர்களை அழைத்து வந்த குடும்பங்களை மூடநம்பிக்கைக்காரர் என்று ஏசியவர் பலர். அன்று அரசு மனநல மருத்துவமனை என்று மாநிலம் முழுமைக்கும் இருந்தது சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒன்றே என்பதை எண்ணியவர் சிலரே. அருகில் மருத்துவம் இல்லாதவன் தொலைவில் அற்புதம் தேடிப் போவான். சங்கிலியைப் பூட்டியவர் குற்றவாளிதான். சங்கிலி தேவைப்படும் நிலைக்கு அந்தக் குடும்பத்தைத் தனியே விட்டவரும் குற்றத்தில் பங்காளியே.

ஜகாத்தும் ஸதக்காவும் இருக்கின்றனவே என்று ஆட்சியாளர் கைகழுவ இடந்தரக் கூடாது. ரமலானில் ஒரு சக்கர நாற்காலி வாங்கித் தரலாம். ஆண்டு முழுதும் பயிற்சியாளரை வைத்துக் காக்கும் ஆற்றல் பொதுக் கருவூலத்துக்கே உண்டு. அந்தக் கருவூலத்தில் நாம் கட்டும் வரிக் காசும் சேர்கிறது. நாம் கேட்பது ஈகை இல்லை, ஹக்கு.

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு. ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் குறித்த கிழமைகளில் இயன்முறை, பேச்சுப் பயிற்சியாளர் வர வேண்டும். அவர்கள் நிரந்தர ஊழியராக வேண்டும். மத்திய அரசின் உதவித் தொகை, ஊனம் அறிந்த நாள் முதலே வயது பாராமல் கிடைக்க வேண்டும். ஊனமுற்ற குழந்தைகளுக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு என்பதை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு கடமை உண்டு. கல்யாணப் பதிவேடும் சந்தாப் பதிவேடும் வைத்திருக்கும் நம் மஹல்லாக்களில், ஊனமுற்ற பிள்ளைகளின் பதிவேடு எங்கே? வெட்கத்தாலோ வேதனையாலோ உள்ளறையில் வைத்திருக்கும் பிள்ளைகளின் பெயரை, பெற்றோர் இசைவோடு எழுதுங்கள். அடையாள அட்டை இல்லாதவருக்கு வாங்கிக் கொடுங்கள். பின்னர் அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு, மதவேறுபாடு பாராமல் ஊரார் அனைவரையும் சேர்த்துக்கொண்டு, மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் போய் நில்லுங்கள். 25ஆவது பிரிவைக் காட்டி, நெய்க்காரப்பட்டிக்கு 'அருகில்' என்பது எந்த ஊர் என்று கேளுங்கள். விடை வரும்வரை அடுத்த திங்களும் போங்கள்.

மறுமையில் நம்மிடம் கேட்கப்படும் கணக்கில் இந்தப் பிள்ளைகளின் பெயர்களும் இருக்கும். வல்ல நாயன் அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் தகுதியை நமக்கும், நம்மை ஆள்வோருக்கும் தந்தருள்வானாக!