பித்தநாள அடைப்பு காத்திருக்காது

"காய்ச்சல் அடங்கட்டும், பிறகு எண்டோஸ்கோப்பி செய்யலாம்" என்ற வாதம் நிதானம் போலத் தோன்றுகிறது. பித்தநாளத்தில் கல் அடைத்து, கடும் தொற்றில் தவிப்பவருக்கு அது ஆபத்து. அடைப்பால் அழுத்தம் ஏறும்போது கிருமிகள் ரத்தத்துக்குள் தள்ளப்படுகின்றன. ஆன்டிபயாடிக்கும் பித்தத்துக்குள் போதிய அளவு சேர்வதில்லை. பிறகு மருந்து மட்டும் எப்படி வெல்லும்?

"உடல் தாங்காது" என்கிறார்கள். நலிந்த உடலுக்குத்தான் இது முதலில் தேவை. 1992இல் வெளியான ஹாங்காங் ஆய்வில் கடும் தொற்றுள்ள 82 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். எண்டோஸ்கோப்பி வழியே பித்தம் வடிக்கப்பட்டோரில் 10 சதவீதமும், அறுவை சிகிச்சை பெற்றோரில் 32 சதவீதமும் இறந்தனர். கல்லை அன்றே எடுக்க வேண்டியதுமில்லை. ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்துப் பித்தத்தை வடியவிட்டால் உயிர் தப்பும், கல்லைப் பிறகு எடுக்கலாம்.

எல்லோருக்கும் நள்ளிரவு அவசரம் வேண்டாம். 2019இன் ஐரோப்பிய வழிகாட்டுதல் தெளிவாகப் பிரிக்கிறது: தொற்றால் ரத்த அழுத்தம் சரியும் செப்டிக் ஷாக்கில் 12 மணி நேரத்துக்குள், நடுத்தரத் தொற்றில் 48 முதல் 72 மணி நேரத்துக்குள், லேசானதில் நாள் குறித்து. ரத்த அழுத்தம் சரிந்து நினைவு குழம்பும் நோயாளியிடம் "திங்கட்கிழமை பார்க்கலாம்" என்பதற்கு இதில் இடமே இல்லை. வசதியில்லாத மருத்துவமனை அவரை உடனே வேறிடம் அனுப்ப வேண்டும்.