பரிசோதனைக்குத் தொடர்ந்து வர என்ன தேவை?

பாலியல் தொழிலாளர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. பரிசோதனை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பால்வினை நோய்ப் பரிசோதனை என்பது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஏற்பாடு. தொற்றிய முதல் சில வாரங்களில் பரிசோதனையில் எதுவும் தெரியாமல் போகலாம் என்பதால், ஒருமுறை வந்து போவது போதாது.

வராதவர்களை அலட்சியக்காரர்கள் என்பது எளிது. பெயர் வெளியாகுமோ, போலீஸ் பிடிக்குமோ என்ற பயமே உண்மையான தடை. அது வீண் பயமுமல்ல. 1986இல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டது, போலீஸ் பிடித்துக் காப்பகத்தில் அடைத்திருந்த பாலியல் தொழிலாளர்களிடம்தான்.

கொல்கத்தாவின் பாலியல் தொழில் பகுதியான சோனாகாச்சியில் 1992இல் மருத்துவர் ஸ்மரஜித் ஜானா தொடங்கிய திட்டம் வேறு வழியில் போனது. அப்பகுதிப் பெண்களே பயிற்சி பெற்று, வீடுவீடாக ஆணுறை கொடுத்து, தோழிகளைக் கிளினிக்குக்கு அழைத்து வந்தார்கள். 1995இல் அவர்கள் பணம் சேமிக்க உஷா கூட்டுறவுச் சங்கமும் உருவானது. சேமிப்புக்கும் நோய்த்தடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கையில் நாலு காசு இருந்தால்தான் ஆணுறை மறுக்கும் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப முடியும்.

பெயர் வெளியாகும் என்ற பயத்துக்குச் சட்டத்திலும் பதில் உண்டு: ஒப்புதலின்றிப் பரிசோதிப்பதையும், முடிவை வெளியிடுவதையும் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் தடுக்கிறது. தமிழ்நாட்டுப் பரிசோதனை மையங்கள் ஒவ்வொன்றிலும் அதன் சாரம் எளிய தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும். இத்தொழிலில் இருப்பவர்கள் வரக்கூடிய நேரத்தில் மையங்கள் திறந்திருக்கவும் வேண்டும்.